லேண்ட்ஸ் எண்டிலிருந்து ஜான் ஓ கிரோட்ஸ் வரை: புற்றுநோய் நிதிக்காக ஒரு சைக்கிள் ரிலே

ஜூன் 15, சனி: லேண்ட்ஸ் எண்ட் – ஓக்ஹாம்ப்டன்

பிரிட்டனின் தென்மேற்கு மூலையில் காலை ஐந்தரை மணிக்கு நல்ல காற்று. கடலிலிருந்து வந்து முதுகில் அடித்தது. இந்தத் தீவை முழுக்கச் சைக்கிளில் கடப்பவர்களில் பெரும்பாலானோர் இந்த மூலையில் தொடங்கி வடக்கே போவதற்குக் காரணமே அதுதான், இங்கே அதிகம் வீசுவது தென்மேற்குக் காற்று. ஸ்காட்லாந்தின் வடகிழக்கு மூலையில் இருக்கும் ஜான் ஓ கிரோட்ஸ் வரை பழைய சாலைக் கணக்கில் 874 மைல், அதாவது சுமார் 1,400 கிலோமீட்டர். பெரிய சாலைகளை விட்டு ஊர்ச் சாலைகளில் போவதால் எங்களுக்கு அதைவிடக் கூடுதல்.

நாங்கள் பன்னிரண்டு பேர். எல்லோரும் ஒரே மருத்துவமனையில் வேலை பார்க்கிறோம், நான் கீமோ ஏற்றும் பகல்நேரப் பிரிவில் நர்ஸ். நாலு நாலு பேராக மூன்று குழு. ஒரு குழு ஓட்டும்போது மற்ற இரண்டும் வேனில் தூங்கும், சாப்பிடும், அடுத்து மாற வேண்டிய இடத்தில் போய் நிற்கும். சேரும் பணம் மேகீஸ் மையங்களுக்குப் போகிறது. அது என்ன என்பதை எடின்பரோ வரும்போது சொல்கிறேன்.

ரிலே என்றால் கைமாற்ற ஒரு பொருள் வேண்டும். அப்பாவின் பழைய பருத்தி வேட்டி ஒன்று என்னிடம் இருந்தது. அதைச் சாண் அகலத்தில் கிழித்து, துண்டுகளை ஒட்டுத் தைத்து, நீளமாகச் சுருட்டி ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் போட்டுக் கொண்டுவந்தேன். வழியில் உண்டியலில் காசு போடுகிறவர்கள் தங்கள் வீட்டில் புற்றுநோய் வந்த ஒருவரின் பெயரை அதில் எழுதலாம். ஓட்டுகிறவர் அதைச் சட்டையின் பின்பையில் செருகிக்கொண்டு போய் அடுத்த குழுவிடம் தர வேண்டும்.

லேண்ட்ஸ் எண்டில் பிரபலமான அந்தத் திசைகாட்டிக் கம்பத்தோடு படம் எடுக்கக் கட்டணம் உண்டு. அந்தக் காசை உண்டியலில் போட்டுவிட்டு பக்கத்துப் பாறையில் நின்று எடுத்துக்கொண்டோம்.

பென்சான்ஸில் ஒரு சின்னப் பேஸ்டிக் கடை. மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், டர்னிப் மாதிரியான ஒரு கிழங்கு எல்லாவற்றையும் மாவுக்குள் வைத்து ஓரத்தை முறுக்கிச் சுட்டுத் தருகிறார்கள். சோழி பெரிதாக்கியது போல நம் ஊர் சோமாஸுக்கு இருக்கும் அதே ஓரம்தான். ஒன்று ஐந்து பவுண்டு, இரண்டு வேளைக்குத் தாங்கும். கல்லாவில் இருந்த அம்மா எங்கள் சட்டையில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, மாவு ஒட்டிய கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, துணியை விரிக்கச் சொன்னார். தன் அக்காவின் பெயரை எழுதினார். ஐந்து பேஸ்டிக்குக் காசு வாங்கவே இல்லை.

கார்ன்வால் முழுக்க ஏற்றமும் இறக்கமும்தான். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு வேலிச்செடி, நடுவில் ஒரு கார் போகிற அளவுக்குச் சாலை. எதிரே டிராக்டர் வந்தால் செடிக்குள் ஒதுங்க வேண்டும். ஓட்டுகிறவர்கள் கை தூக்கி நன்றி சொல்லாமல் யாரும் போகவில்லை. சாயங்காலம் டெவனுக்குள் வந்து ஸ்கோன் என்ற சின்ன பன் சாப்பிட்டோம். கார்ன்வாலில் முதலில் ஜாம், மேலே கிரீம். டெவனில் முதலில் கிரீம், மேலே ஜாம். இரண்டு ஊரிலும் இதைச் சண்டைக்கு வருகிற மாதிரி பேசுகிறார்கள். எனக்கு ஜாம் மேலே இருப்பது பிடித்தது.

ஜூன் 16, ஞாயிறு: ஓக்ஹாம்ப்டன் – செப்ஸ்டோ

இன்று இங்கே தந்தையர் தினம். டெவனிலும் சாமர்செட்டிலும் மதியம் ஒரு பப்பில்கூட இடம் இல்லை, எல்லா மேசையிலும் குடும்பம் குடும்பமாக இறைச்சி ரோஸ்ட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டான்டனைத் தாண்டி ஒரு கிராமத்தில் வாசலில் நின்றபடி குழாயில் தண்ணீர் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து ஒரு குடும்பம் கூப்பிட்டு, நெருக்கி உட்கார்ந்து, நாலு பேருக்கும் இடம் விட்டது. தங்கள் தட்டிலிருந்த வறுத்த உருளைக்கிழங்கையும் எங்கள் பக்கம் தள்ளினார்கள்.

மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தாத்தாவுக்கு எண்பது இருக்கும். துணியைக் கையில் வாங்கி நேற்று எழுதிய பெயர்களை மெதுவாகப் படித்தார். பிறகு, "நான் இன்னும் இருக்கிறேன், என் பெயரை எழுதலாமா?" என்று கேட்டார். பிராஸ்டேட் புற்றுநோய், ஹார்மோன் ஊசி போய்க்கொண்டிருக்கிறதாம். மகளும் பேரன்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேற்று முழுக்க இறந்தவர்களின் பெயர்கள்தான் வந்திருந்தன. நான் தினமும் பார்க்கிறவர்களில் பெரும்பாலானோர் அவரைப் போல ஊசிக்கும் ஊசிக்கும் நடுவில் சாதாரணமாக வாழ்கிறவர்கள், கல்யாணத்துக்குப் போகிறவர்கள், தோட்டத்தில் தக்காளி வைக்கிறவர்கள். அவர் எழுதியதைப் பார்த்தபோது மனசுக்கு நிறைவாக இருந்தது. அதற்கப்புறம் துணியை நீட்டும்போதெல்லாம் "இருப்பவர்கள் பெயரும் எழுதலாம்" என்று சேர்த்தே சொன்னோம்.

செடார் பள்ளத்தாக்கு ஏற்றம் அழகு. கீழே சாலையோரம் ஸ்ட்ராபெர்ரி விற்றார்கள், ஒரு பெட்டி நாலு பவுண்டு, வெயில் பட்ட சூட்டோடு. 1966இல் திறந்த செவர்ன் பாலத்தின் ஓரத்தில் சைக்கிளுக்குத் தனிப்பாதை இருக்கிறது. கீழே ஆறு முழுக்கச் சேற்று நிறம், பாலத்தைத் தாண்டினால் வேல்ஸ்.

ஜூன் 17, திங்கள்: செப்ஸ்டோ – விட்சர்ச்

காலையில் வை ஆற்றங்கரை. டின்டர்ன் மடாலயத்தின் கூரையில்லாத சுவர்களைப் பனிமூட்டத்துக்குள் பார்த்தபடி ஓட்டினோம். நின்று பார்க்க நேரமில்லை.

ஹெரிஃபோர்டுக்கு முன்னால் ஒரு குழியில் இறங்கி, பின் கியர் தொங்கும் சின்ன அலுமினியத் துண்டு முறிந்துவிட்டது. தம்பியின் சைக்கிள். தம்பி என்று நான் சொல்வது எங்கள் மருந்தாளரை. பிறந்தது லண்டன் ஹாரோவில், அப்பா அம்மா யாழ்ப்பாணம். அந்தத் துண்டு ஒவ்வொரு சைக்கிள் மாடலுக்கும் ஒவ்வொரு மாதிரி, எல்லாக் கடையிலும் இருக்காது. ஊருக்குள் ஒரு கடைக்காரர் மூன்று டப்பாக்களைத் தரையில் கொட்டித் தேடி, கிட்டத்தட்டப் பொருந்துகிற ஒன்றை எடுத்து, அரத்தால் ராவிப் பூட்டிக் கொடுத்தார். பதினெட்டு பவுண்டு சொல்லிவிட்டு, வாங்கிய நோட்டை எங்கள் கண்ணெதிரிலேயே உண்டியலுக்குள் போட்டார்.

ராத்திரிதான் பிரச்சினை. இரண்டு மாதத்துக்கு முன்பே பணம் கட்டிப் பதிவு செய்திருந்த விடுதியில் எங்கள் அறைகளை வேறு கூட்டத்துக்குக் கொடுத்திருந்தார்கள். கணினியில் பெயரே இல்லை என்றார்கள், ரசீதைக் காட்டியும் பயனில்லை. ஒன்பது மணிக்கு, மூன்று நாளில் ஆளுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் மிதித்த கால்களோடு பன்னிரண்டு பேர் வாகனம் நிறுத்துமிடத்தில் நின்றோம். எங்கள் வேன் ஓட்டுநர் யாரிடமோ பேசி, அவர் யாரிடமோ பேசி, கிரிக்கெட் கிளப் ஒன்றின் கட்டடத்தைத் திறந்துவிட்டார்கள். தரையில் யோகா பாய், தலைக்கு விக்கெட் கீப்பரின் பேடு. பக்கத்து வீட்டுத் தம்பதி ஒரு பெரிய பானை நிறையக் காய்கறி சூப்பும் இரண்டு ரொட்டியும் கொண்டுவந்தார்கள். கிண்ணம் போதாமல் டீ கோப்பைகளில் ஊற்றிக் குடித்தோம். இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த சாப்பாடு அதுதான்.

ஜூன் 18, செவ்வாய்: விட்சர்ச் – கார்லைல்

நீளமான நாள். வாரிங்டன், பிரெஸ்டன் பக்கமெல்லாம் லாரியும் சிக்னலும்தான், சொல்ல ஒன்றும் இல்லை. லாங்காஸ்டரில் மழை பிடித்தது. கெண்டலில் புதினா கேக் வாங்கினோம். பெயர்தான் கேக், உண்மையில் சர்க்கரையும் புதினாவும் சேர்ந்த கட்டி. 1953இல் ஹிலாரியும் டென்சிங்கும் எவரெஸ்ட் உச்சிக்குக் கொண்டுபோனது இதைத்தான். ஏற்றத்தில் ஒரு துண்டு வாயில் போட்டால் தொண்டை வரை குளிர்கிறது.

ஷாப் ஏற்றம் எங்கள் குழுவுக்கு வாய்த்தது. உச்சி 1,400 அடி அளவில். 1970இல் விரைவுச்சாலை திறக்கும் வரை ஸ்காட்லாந்துக்குப் போகும் லாரிகளெல்லாம் பனியிலும் இதில்தான் ஏற வேண்டியிருந்தது. அந்த ஓட்டுநர்களின் நினைவாக மேலே ஒரு கல் வைத்திருக்கிறார்கள். மழை பக்கவாட்டில் அடித்தது. என் முன் சக்கரத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. மேலே போனதும் வேனுக்குள் ஏறி, தம்பி குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, "அக்கா, இஞ்ச பாருங்கோ" என்றான். மூடி விரிசல் விட்டிருந்தது. தண்ணீர் உள்ளே போய், முதல் நாள் எழுதிய பெயர்கள் நீலக் கறையாகப் பரவியிருந்தன.

கார்லைல் போய்ச் சேர்ந்ததும் யாரும் குளிக்கக்கூடப் போகவில்லை. துணியை நடைபாதை நெடுக விரித்து, ஒருவர் ஹேர் டிரையரால் காயவைக்க, ஒருவர் கைபேசியில் தினமும் எடுத்து வைத்த படங்களைப் பெரிதாக்கிப் படிக்க, நான் அழியாத மார்க்கரில் பழைய எழுத்தின் மேலேயே எழுதினேன். பால்பாயிண்டில் எழுதியவை அப்படியே இருந்தன, ஜெல் பேனாதான் கரைந்துவிட்டது. எழுதியவரின் கையெழுத்துப் போலவே வர வேண்டுமென்று பார்த்துப் பார்த்து எழுதினேன். சிலர் பெயருக்குப் பக்கத்தில் சின்னப் பூ, படகு, நாயின் முகம் எல்லாம் வரைந்திருந்தார்கள், அதையும் திரும்ப வரைந்தோம். முடியும்போது நள்ளிரவு.

ஒரே ஒரு பெயர் மட்டும் எந்தப் படத்திலும் சரியாக விழவில்லை. பென்சான்ஸ் பேஸ்டிக் கடை அம்மாவின் அக்கா பெயர்.

ஜூன் 19, புதன்: கார்லைல் – எடின்பரோ

காலை ஏழு மணிக்கு அந்தக் கடைக்குப் போன் செய்தேன். பேஸ்டி வைத்துத் தந்த காகிதப் பையிலேயே எண் இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் அடுப்புக் கதவு சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார், கடைசியில் 'இ' இரண்டு முறை வரும், எல்லோரும் ஒன்றுதான் போடுவார்கள், அவளுக்குக் கோபம் வரும் என்றார். இரண்டு 'இ' போட்டு எழுதினேன். படம் எடுத்து அனுப்பினேன்.

கிரெட்னா கிரீன் தாண்டியதும் ஸ்காட்லாந்து. மாஃபட்டிலிருந்து ஏறும் சாலைக்குப் பக்கத்தில் டெவில்ஸ் பீஃப் டப் என்று ஒரு பெரிய பள்ளம். எல்லைக் கொள்ளைக்காரர்கள் திருடிய மாடுகளை ஒளித்து வைத்த இடம் என்கிறார்கள். மேலேயிருந்து பார்த்தால் நூறு மாடு நின்றாலும் தெரியாதுதான்.

சாயங்காலம் எடின்பரோவில் வெஸ்டர்ன் ஜெனரல் மருத்துவமனை வளாகத்திலுள்ள மேகீஸ் மையத்துக்குப் போனோம். மேகி கெஸ்விக் ஜென்க்ஸ் தோட்டங்களை வடிவமைத்தவர், எழுத்தாளர். 1988இல் மார்பகப் புற்றுநோய். 1993இல் அது திரும்பி வந்துவிட்டது, இன்னும் சில மாதங்கள்தான் என்று சொன்ன கையோடு, அடுத்த நோயாளி காத்திருக்கிறார் என்பதால் சன்னல் இல்லாத நடையில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நடையில் உட்கார்ந்தவர் யோசித்ததுதான் இந்த மையம். மருத்துவமனை வளாகத்தில் பயனில்லாமல் கிடந்த பழைய குதிரை லாயத்தை மாற்றிக் கட்டினார்கள். 1995இல் மேகி இறந்தார், மறு வருடம் மையம் திறந்தது. அவருக்குக் கீமோ கொடுத்த நர்ஸ் லாரா லீதான் இந்த அமைப்பை வழிநடத்தி வளர்த்தவர். ஒரு கீமோ நர்ஸாக எனக்கு அதில் பெருமை.

உள்ளே வரவேற்பு மேசை கிடையாது, பெயர் கேட்டு எழுதுகிறவர் கிடையாது. கதவைத் திறந்தால் சமையலறையும் ஒரு பெரிய மேசையும். முன்பதிவு வேண்டாம், காசு வேண்டாம். நாங்கள் போனபோது ஒருவர் கெட்டிலில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார், பணியாளர் என்று நினைத்தோம். மனைவி எதிர்க் கட்டடத்தில் ரேடியேஷனில் இருக்கிறாராம், தினமும் அந்த நேரத்தில் இங்கே வந்து எல்லோருக்கும் டீ போடுவாராம்.

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் அம்மாவுக்குப் பார்த்தபோது நானும் அப்பாவும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அங்கே கொடுத்த மருத்துவத்துக்கு நாங்கள் என்றைக்கும் கடன்பட்டவர்கள். அதைத் தொடங்கியதும் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிதான், 1954இல். ஆனால் அப்பா, என்ன கேட்பது, யாரிடம் கேட்பது என்று தெரியாமல், ரிப்போர்ட் இருந்த மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்த அந்த மத்தியானங்களில் அவருக்கு இப்படி ஒரு மேசை வேண்டியிருந்தது. யாராவது ஒரு டம்ளர் டீயைக் கையில் கொடுத்து "சொல்லுங்க ஐயா" என்று கேட்டிருந்தால் போதும். நோயாளிக்கு நாங்கள் ஊசி போடுகிறோம், கூட வந்தவரைப் பார்க்க எங்களுக்கு நேரம் இருப்பதில்லை. நான் சைக்கிள் ஏறியது இதற்காகத்தான்.

ஜூன் 20, வியாழன்: எடின்பரோ – ஏவிமோர்

ஃபோர்த் ஆற்றின் மேல் 1964இல் கட்டிய சாலைப் பாலம் இப்போது முக்கியமாகப் பேருந்துக்கும் டாக்ஸிக்கும் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும். கார்கள் பக்கத்துப் புதுப் பாலத்தில் போகின்றன. மறுபக்கம் 1890இன் சிவப்பு ரயில் பாலம். வெயில் அடித்ததால் நடுவில் நின்று பார்த்தோம்.

பெர்த், பிட்லாக்ரி, அப்புறம் டிரமாக்டர் கணவாய். காற்று திசை மாறி எதிரே வந்தது. இரண்டு மணி நேரம் தலை குனிந்து மிதித்தோம், மாறி மாறி முன்னால் போய் மற்றவர்களுக்குக் காற்றை மறைத்தோம்.

வேனில் ஓய்வெடுத்தபோது தம்பி தெல்லிப்பளைக் கதையைச் சொன்னான். 2011இல், போர் முடிந்து இரண்டு வருடத்தில், நேதன் சிவகணநாதனும் சரிந்தா உணம்புவேயும் இலங்கையின் தெற்கு முனையான தெவுந்தரையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 670 கிலோமீட்டர் நடந்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை கட்டப் பணம் சேர்க்கத்தான். வழியெல்லாம் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கூடச் சேர்ந்து நடந்தார்கள். மருத்துவமனை தெல்லிப்பளையில் எழும்பியது. 2016இல் திருப்பி வடக்கிலிருந்து தெற்கே நடந்தார்கள், காலி நகரத்தின் கராப்பிட்டிய மருத்துவமனைக்காக. தம்பியின் அப்பம்மா தெல்லிப்பளையில்தான் வைத்தியம் பார்த்தார். "முந்தியெண்டா கொழும்புப் பக்கம் மகரகமைக்குத்தான் போகோணும் அக்கா, அவவாலை அவ்வளவு தூரம் இருந்து போகேலாது" என்றான். துணியில் அப்பம்மாவின் பெயரைத் தமிழில் எழுதியிருக்கிறான்.

ஜூன் 21, வெள்ளி: ஏவிமோர் – பெட்டிஹில்

இன்வர்னஸ் வரை ஊர்கள் உண்டு. லெயர்க் தாண்டினால் ஒற்றைச் சாலை, புல்வெளி, ஆடு, வானம். எதிர் வண்டிக்கு ஒதுங்க நூறு இருநூறு மீட்டருக்கு ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். அந்த வனாந்தரத்தில் கிராஸ்க் இன் என்று ஒரு விடுதி, ஸ்காட்டிஷ் எபிஸ்கோபல் திருச்சபைக்குச் சொந்தமானது. பருப்பு சூப் கொடுத்தார்கள், மிளகு தூவிச் சாப்பிட்டபோது வீட்டு ரசம் ஞாபகம் வந்தது. அடுத்த ஊர் ஆல்ட்னஹாரா. 1995 டிசம்பர் 30 அன்று இங்கே பதிவான மைனஸ் 27.2 டிகிரிதான் பிரிட்டனின் மிகக் குறைந்த வெப்பநிலை, வேறு ஓர் ஊரும் அதே அளவைத் தொட்டிருக்கிறது. இன்று பன்னிரண்டு டிகிரி, ஊர்க்காரர் அரைக்கைச் சட்டையில் நின்றார்.

அடுத்து ஸ்ட்ராத்நேவர். இருநூறு வருடங்களுக்கு முன் ஆடு வளர்ப்பதற்காக நிலவுடைமையாளர்கள் குடியானவர்களைக் கிளப்பித் துரத்திய பள்ளத்தாக்கு. வீடுகளின் அடிக்கல் இன்னும் புல்லுக்குள் தெரிகிறது.

காற்று நின்றதும் மிட்ஜ் பூச்சிகள் வந்துவிட்டன. கண்ணுக்கே தெரியாத அளவு, ஆனால் கூட்டம் கூட்டமாகக் காதுக்குள்ளும் கண்ணிமையிலும் கடிக்கின்றன. பஞ்சர் ஒட்ட நின்றவர்களுக்கு நெற்றியெல்லாம் தடித்துவிட்டது. பத்து மணிக்கும் படிக்கிற வெளிச்சம் இருந்தது.

ஜூன் 22, சனி: பெட்டிஹில் – ஜான் ஓ கிரோட்ஸ்

கடைசி எண்பது கிலோமீட்டரையும் பன்னிரண்டு பேரும் சேர்ந்தே ஓட்டினோம். தர்சோவில் ஒரு பள்ளிப்பிள்ளை தன் டீச்சர் பெயரை எழுதினாள். இடம் இல்லாமல் ஓரத்தில் எழுத வேண்டியிருந்தது.

ஜான் ஓ கிரோட்ஸ் கம்பத்தோடு படம் எடுக்கக் காசு கேட்கவில்லை, வரிசையில் நின்ற ஜெர்மன்காரர்கள் எங்களை முன்னால் விட்டார்கள். மீனும் சிப்ஸும் பன்னிரண்டு பவுண்டு, நிறைய வினிகர் ஊற்றி, காற்றில் காகிதம் பறக்காமல் முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு சாப்பிட்டோம். நாளை திரும்பும் வழியில் இன்வர்னஸ் மேகீஸ் மையத்தில் துணியைக் கொடுக்கிறோம், அங்கே சுவரில் மாட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பென்சான்ஸ் அம்மா படத்துக்குப் பதில் அனுப்பியிருந்தார், ஆகஸ்டில் இன்வர்னஸுக்கு ரயில் ஏறி வந்து பார்க்கப்போகிறாராம்.

தம்பி சிப்ஸ் தின்றபடியே கைபேசியில் இலங்கை வரைபடத்தைத் திறந்து வைத்திருந்தான். பருத்தித்துறை முதல் தெவுந்தரை வரை, சைக்கிளில், தெல்லிப்பளைக்காக. "வாறீங்களோ அக்கா?" என்றான். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பிப்ரவரி என்றால் வடக்கில் மழை விட்டிருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுக்க வேண்டும்.